நிறம் ஏறாத இடம்

கல்லடித்துறைப் பெண்கள் கடலில் கிடந்த அலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் வைத்து வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. கரை குளம் மாதிரிக் கிடந்தது, வள்ளங்கள் வழுக்கிக்கொண்டு போய் வழுக்கிக்கொண்டு வந்தன, ஆடி மாசத்திலும் எல்லா வீட்டு அடுப்பிலும் மீன் கொதித்தது, லிகோரி கடலில் விழுகிற வரைக்கும் ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லை. லிகோரி, முதல் அலையை எடுத்த டெல்பினுக்கு அண்ணன். அவன் செத்ததை மறைத்து வைத்துக் கடைசியில் சொல்லுகிற கதை இல்லை இது. செத்தவன் உடம்பு கரைக்கு வந்ததா, அதுதான் விஷயம்.

முதலில் வகுப்பைச் சொல்லிவிடலாம். தொண்டு நிறுவனம் ஒன்று அந்தக் கரைப் பெண்களுக்கு சோப்பு காய்ச்சச் சொல்லிக் கொடுத்தது, மெழுகுவர்த்தி ஊற்றச் சொல்லிக் கொடுத்தது, பினாயில் கலக்கச் சொல்லிக் கொடுத்தது, எல்லாம் தீர்ந்த பிறகு நாகர்கோவிலில் இருந்து சுகிர்தா டீச்சரை அனுப்பி, புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடியில் ‘நீர்வண்ணத்தில் கடல் அலைகள், ஆரம்ப நிலை’ என்று ஒரு பேனரைக் கட்டியது. டெல்பின் அங்கே போனது படத்தின் மேல் ஆசைப்பட்டு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் கிடந்தாள். அம்மா ரோசிலி கண்ணில் படும்போதெல்லாம் “படிக்கவும் மாட்டா, பாத்திரம் கழுவவும் மாட்டா” என்று திட்டினாள். மாடியில் ஃபேன் இருந்தது, டீயும் வடையும் கொடுத்தார்கள். அதனால் போனாள்.

டீச்சர் சொன்னது எளிதுதான். காகிதத்தின் ஓரங்களை டேப் போட்டுப் பலகையில் ஒட்டு. தொடுவானத்துக்கு ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடு. கடல் எங்கேயும் சரிந்து நிற்காது. காகிதத்தை நனை. வெளிர் நிறம் முதலில், அடர்த்தி பிறகு. அலையின் தலையில் வெயில் ஊடுருவுகிற இடம் பச்சை, வயிற்றில் நீலம், வயிற்றுக்குக் கீழே கருநீலம். காய்கிற வரைக்கும் கையை மடியில் வைத்துக்கொள். இந்தக் கடைசிச் சொல்தான் டெல்பினால் முடியாதது. வாயால் ஊதினாள், ஃபேனுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள், ஈரம் போகும் முன்னே அடுத்த நிறத்தை வைத்தாள், ஒன்று இன்னொன்றில் ஓடி எல்லாம் கலங்கிப்போனது.

“டெல்பின், இது அலையா, மீன்குழம்பா?” என்றார் டீச்சர்.

“பசிச்சா ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. அதே வகுப்பில் ஒருநாள், எப்படியோ, டீ வருவதற்குத் தாமதமானதால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டெல்பினின் காகிதத்தில், பச்சை பச்சையாகவும் நீலம் நீலமாகவும் நின்று, ஒரு அலை வந்தது. நல்ல அலை. அது காய்ந்த நேரத்தில் கீழே கடற்கரையில் கூச்சல் கேட்டது.

அந்தக் கரையில் வள்ளம் இறக்குவது அலையைப் பார்த்துத்தான். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கடல் கொஞ்சம் மூச்சு வாங்கும், அந்த இடைவெளியில் தள்ள வேண்டும், பிசகினால் வள்ளம் மேலே ஆள் கீழே. ஊர்க்கமிட்டித் தலைவர் பனியடிமை, அவர் வள்ளத்தில்தான் லிகோரி வேலை பார்த்தான், கையைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றிருக்கிறார், வரவேண்டிய அலை வரவில்லை. கரையில் நின்றவர்கள் அக்கம்பக்கம் பார்த்தார்கள், பாறைக்குப் பின்னால் பார்த்தார்கள். பிறகு பனியடிமை சாரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட மாடியேறி வந்து டெல்பினின் பலகைக்கு முன்னால் நின்றார்.

“இது நம்ம பாறை பக்கமா சாயுற அலையாக்கும்.”

படத்தைக் கிட்டத்தில் பார்த்தால் கொஞ்சம் அசைந்தது.

“ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கப்பிடாதா பிள்ளே? ஊருக்குப் பொதுவான அலையில்லியா?”

“தெரியாம வந்துட்டு மாமா.”

“நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லி, விரலால் ஓரத்தைத் தொட்டு நக்கிப் பார்த்து, உப்பு சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். சுகிர்தா டீச்சர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடியில் நிழல் பத்தாது என்றார்.

அதன் பிறகு எல்லாரும் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கமிட்டி கூடி, கேட்காமல் யாரும் அலை எடுக்கக் கூடாது என்று முதலில் முடிவு செய்தது. அடுத்த கூட்டத்தில், வள்ளம் கவிழ்க்கிற அலைகளை முதலில் எடுத்துத் தரும்படி பெண்களிடம் கேட்டுக்கொண்டது. அதற்கடுத்த கூட்டத்தில் காகிதமும் பிரஷும் வாங்கித் தந்தது. அப்படி டி.வி.க்கு மேலே ஒரு அலை, திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு அலை, கதவுக்குப் பின்னால் ஒரு அலை என்று வீடுகள் நிறைந்தன, சுவர்கள் ஓதம் ஏறி ஈரமாயின, கடலேற்ற நேரத்தில் சட்டத்தின் அடி ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது, பெண்கள் அதற்கொரு சட்டியை வைத்து அந்தத் தண்ணீரில் கருவாட்டுக்கு மீனை ஊறப்போட்டார்கள், தூங்காத பிள்ளைகளைச் சின்ன அலைக்குக் கீழே தொட்டில் கட்டித் தூங்க வைத்தார்கள், மருமகளின் அலை ராத்திரியெல்லாம் இரைகிறது என்று ஒரு மாமியார் கமிட்டியில் புகார் கொடுத்தாள், கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் பீரோவோடு ஒரு அலையையும் அனுப்பினார்கள், சுற்றுலா வந்தவர்கள் சிலதை வாங்கிக்கொண்டு போய் பஸ் முழுக்க நனைத்தார்கள். ஆண்களுக்கு வள்ளம் தள்ளுகிற தோள்வலி போனது. வள்ளம் கவிழ்ந்து செத்தவர்களின் வீட்டுப் பெண்கள் சிலர் தங்கள் சுவர் அலையைப் பார்த்து நின்று ஆசை தீரத் திட்டினார்கள்.

அதிகம் எடுத்தது டெல்பின்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரில் யார் யாரோ அவளைத் தேடி வந்தார்கள். “நம்ம பிள்ளை எடுத்தா அலை அசங்காம வரும்” என்று ரோசிலியே பக்கத்து வீட்டில் சொல்லுவதை அவள் காதால் கேட்டாள்.

ஆடி பிறந்தபோது கரையில் ஒரே ஒரு அலைதான் மிச்சம். பெரியது, கிழட்டு அலை, யாருக்கும் பிடிபடாமல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. காற்று ஒரு வாரமாகத் தெற்கிலிருந்து அடித்தது. மற்ற வருஷமாக இருந்தால் அந்தக் காற்றுக்குக் கரை மூடிவிடும். அலையைத் தாண்டி ஒருத்தனும் போக முடியாது, வீட்டில் உட்கார்ந்து வலைக்குப் பொத்தல் அடைப்பான்.

“ஏட்டி ஆர்ட்டிஸ்டே,” என்று லிகோரி அவள் தலையில் தட்டினான். “அந்தக் கெழவனையும் புடிச்சுப் போடு. நாளைக்குப் போவணும்.”

“காத்து கெடக்குலே,” என்றாள் ரோசிலி அடுக்களையிலிருந்து. “இந்தக் காத்துல எவன் போவான்?”

“காத்து எங்கயோ கெடக்கு. கரையில ஒண்ணும் இல்லியே. நடந்து போற மாதிரி போயிரலாம்.”

“எனக்கு என்ன தருவ?” என்றாள் டெல்பின்.

“நெய்மீன் கெடச்சா உனக்கு. கெடைக்காட்டா வெறும் மீன்தலை.”

“தலைய நீயே வச்சுக்க.”

சாயங்காலத்துக்குள் கிழட்டு அலையை எடுத்துவிட்டாள். அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அது. மறுநாள் லிகோரி போனான். வலை இழுக்கும்போது காற்று வள்ளத்தைப் புரட்டிப் போட்டது. மற்றவர்கள் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டார்கள், பனியடிமை ஒரு கையால் லிகோரியின் கையைப் பிடித்திருந்தார், பிறகு பிடித்திருக்கவில்லை. இதை அவர் ரோசிலியின் வீட்டு வாசலில் நின்று, உட்காரச் சொல்லியும் உட்காராமல், இதே வார்த்தையில் சொன்னார்.

ரோசிலி அழுதாள்; ஊர் அழுதது; பிறகு எல்லாரும் கரையில் போய் உட்கார்ந்தார்கள். அது அந்தக் கரையின் வழக்கம். கடல் ஆளை எடுக்கும், எடுத்ததை வைத்துக்கொள்ளாது; ஊதி வெளுத்துப் போய் வந்தாலும் வரும், வந்து கிடக்கும், ஆட்கள் தூக்குவார்கள், தாய் குளிப்பாட்டுவாள், கல்லறைத் தோட்டத்தில் ஒரு இடமும் ஒரு சிலுவையும் இருக்கும், நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வைக்கலாம். அதற்காகக் காத்திருந்தார்கள். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. வெயில் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கட்டங்காப்பி வந்தது, ஆறியது. கடைசியில் வாயைத் திறந்தது பனியடிமைதான்.

“எப்பிடி வருவான்? கொண்டாந்து போட ஒரு அலை கெடையாது.”

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஒருத்தரும் டெல்பினைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை. எதிர்த்து ஏதாவது பேசியிருப்பாள்.

அவள் எழுந்து வீட்டுக்குப் போய்க் கிழட்டு அலையைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டு வந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி, காகிதத்தை முக்கிக் கையால் தேய்த்தாள். நீர்வண்ணம்தானே, தண்ணீர் பட்டால் விட்டுவிடும். நீலம் கரைந்தது, பச்சை கரைந்தது, வெறும் காகிதம் கையில் நின்றது, கொஞ்ச தூரத்தில் கிழட்டு அலை எழுந்து நடந்து வந்து கரையில் விழுந்தது. வெறுங்கையோடு வந்தது.

அதைப் பார்த்து ஊரே வீடுகளுக்கு ஓடியது. டி.வி.க்கு மேலிருந்ததை, கதவுக்குப் பின்னாலிருந்ததை, தொட்டிலுக்கு மேலிருந்ததை எல்லாம் சட்டத்தோடும் ஆணியோடும் தூக்கிக் கொண்டு வந்தார்கள். தரமாட்டேன் என்றவர்களும் உண்டு. இனி வள்ளத்தை உன் அப்பனா தள்ளுவான் என்று கேட்டவனை அவன் பெண்டாட்டியே ஏசி அனுப்பினாள். மருமகளின் அலையை அந்த மாமியார்தான் சுமந்து வந்தாள். இரவிக்கை நனைய நனையப் பெண்கள் வரிசையாக நின்று காகிதங்களைக் கழுவினார்கள், கடல் ஓரம் நீலமும் பச்சையுமாகக் கலங்கியது, அலைகள் எழுந்தன.

ஆனால் ஆரம்ப நிலைக்காரர்கள் வரைந்த அலைகள் இல்லையா? ஒன்று ரம்பத்தின் பல் மாதிரி வந்தது. ஒன்று மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தது. ஒன்று தொடுவானம் சரிந்து வரைந்ததால் பக்கவாட்டில் போய்ப் பாறையில் முட்டியது. எல்லாவற்றுக்கும் முகம் இருந்தது, அடி இல்லை. டீச்சர் அடியை அடுத்த நிலை வகுப்பில்தான் சொல்லித் தருவதாக இருந்தார். அடி இல்லாத அலை எதையும் இழுத்து வராது. நெட்டி, தெர்மாகோல், யாருடையதோ ஒற்றைச் செருப்பு, மிதக்கிறது மட்டும் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் ரோசிலி எழுந்தாள், ஒவ்வொன்று திரும்பும்போதும் உட்கார்ந்தாள். இப்படி எழுந்து உட்கார்ந்து அவள் முந்தானையில் அப்பியிருந்த மணலைத் தட்டிவிடக் கூட டெல்பினுக்குத் தைரியம் வரவில்லை.

கிழட்டு அலைக்கு அடி உண்டு என்று நினைத்திருந்தாள் டெல்பின். அதற்கும் இல்லை. சுகிர்தா டீச்சர் சொன்னது சரிதான்; நிழல் பத்தவில்லை.

மறுநாள் காலை அவள் பனியடிமையின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“கொண்டு வர அலை இல்லன்னா தண்ணிய எடுத்துரலாம் மாமா.”

“எந்தத் தண்ணிய?”

“எல்லாத்தையும்.”

பனியடிமை வாசலிலிருந்து கடலை அளந்து பார்த்தார். “பக்கத்து ஊருக்காரன் சண்டைக்கு வருவான்,” என்றார் பிறகு. “அவனுக்குள்ளதும் சேந்துதான் கெடக்கு.”

“வரட்டும்.”

“மத்தியானத்துக்குள்ள திருப்பி விட்டுருவியா?”

“விட்டுருவேன்.”

“அப்பம் எடு.”

புயல் கட்டடத்தில் மிச்சமிருந்த காகிதங்களையெல்லாம் மைதா பசையால் ஒட்டிப் பெரிய விரிப்பாக்கி, காற்றில் பறக்காமல் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் பெட்டியில் மிச்சமிருந்த நீலத்தைத் தந்தாள். வெள்ளையடிக்கிற பெரிய பிரஷை எடுத்துக்கொண்டு டெல்பின் காகிதத்தின் நடுவில் முட்டிபோட்டு உட்கார்ந்து நனைத்தாள், வரைந்தாள், பின்பக்கமாகத் தவழ்ந்து தவழ்ந்து வரைந்தாள். ஊதவில்லை. அவசரப்படவில்லை என்று சொன்னால் பொய். அவசரப்பட்டாள், ஆனால் ஒரு நிறம் காயாமல் அடுத்ததை வைக்கவில்லை. அவள் வரைய வரையக் கரையில் தண்ணீர் பின்வாங்கியது. ரம்பப்பல் அலையும் செதில் அலையும் போயின, பாறையின் கால்கள் தெரிந்தன, பாசி பிடித்த நங்கூரங்களும் எந்தக் காலத்திலோ தொலைந்த வலைகளும் கிடந்தன, நண்டுகள் எங்கே ஓடுவது என்று தெரியாமல் நின்றன, கண் எட்டுகிற வரைக்கும் ஈரமணல் மின்னியது.

வலது பக்கத்தில், தொடுவானக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு இடத்தில் நிறம் ஏறவில்லை.

நீர்வண்ணத்தில் நுரைக்கு வெள்ளை கிடையாது. காகிதத்தை அப்படியே விட்டுவைப்பதுதான் நுரை. பழக்கத்தில் தானே விட்டுவிட்டோம் என்று நினைத்து டெல்பின் அந்த இடத்தில் பிரஷை வைத்தாள். நீலம் விலகியது. கருநீலம் வைத்தாள். அதுவும் விலகி ஓரத்தில் கோடு கட்டி நின்றது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஆள் உருவம், கொஞ்சம் ஒருக்களித்து, ஒரு கை தலைக்கு மேலே போயிருந்தது.

அவள் பிரஷைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தைக் காட்டினாள். பனியடிமை காகிதத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பாறையை வைத்துத் திசை பிடித்தார். ஆட்கள் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து போனார்கள். போகப் போகச் சின்னதாகிப் போனார்கள். திரும்பி வந்தபோது கட்டிலை வெள்ளை வேட்டியால் மூடியிருந்தார்கள்.

இதற்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் கம்போடு வந்துவிட்டார்கள். கட்டிலைப் பார்த்துக் கம்பைக் கீழே போட்டுவிட்டு அவர்களும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்கள். கடலைத் திருப்பி விடவேண்டிய நேரம் ஆகியிருந்தது. விரிப்பை இழுத்துக்கொண்டு போய்க் கழுவும் முன்னே ரோசிலி வந்து காகிதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை. டெல்பின்தான் ஒரு பிளேடு வாங்கி, அந்த நிறமேறாத இடத்தைச் சுற்றி ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு விரிப்பைக் கழுவினார்கள். கடல் வந்தது. இன்றைக்கும் கல்லடித்துறைக் கடலைப் பார்க்கிறவர்கள் அதில் ஏதோ ஒரு பரபரப்பு இருக்கிறது என்று சொல்லுவார்கள். அவசரத்தில் வரைந்த கடலில் இருக்கத்தானே செய்யும்.

அடக்கத்தில் பெட்டியைத் திறக்க விடவில்லை. பார்க்கிற மாதிரி இல்லை என்றார்கள். குளிப்பாட்டவும் விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலச் சட்டையை ரோசிலி மடித்துக் கொண்டு வந்திருந்தாள், அதைப் பனியடிமை வாங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி உள்ளே அவன் மேல் போர்த்தி மூடினார். அவ்வளவுதான் மகனுக்கு அவளால் செய்ய முடிந்தது.

வகுப்பு நின்றுபோனது. டீச்சர் வேறு ஊருக்குப் போனார். ரோசிலி அந்தக் காகித உருவத்தை வேதாகமத்துக்குள் வைப்பாள், பிறகு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சோறு வெந்து குழைகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் மத்தியானம், டெல்பின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு கையில் காகிதம். இன்னொரு கையில் டெல்பினின் பழைய நிறப்பெட்டி.

“வெறும் மேலோட கெடக்கான் பாரு,” என்றாள். “ஒரு சட்டையாவது போட்டுக் குடு மக்கா. நீலந்தானே. உனக்கு வருமில்லியா?”

நீலம் டெல்பினுக்கு வரும். அதைத் தவிர வேறு எதுவும் வராது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்து, பிரஷை நனைத்து, நிறத்தைத் தொட்டு, அந்தச் சின்ன வெள்ளைத் தோளுக்கு மேலே கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்திக்கொண்டாள். நுனியில் ஒரு சொட்டு நீலம் திரண்டு நின்றது.

“எம்மா,” என்றாள். “இங்க போட்டா அங்க பெட்டிக்குள்ள போத்துனது இல்லாம போயிருமோ என்னவோ. எனக்குத் தெரியாதும்மா.”

ரோசிலி கொஞ்ச நேரம் அந்தச் சொட்டையே பார்த்தாள். பிறகு பிரஷை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கி, தண்ணீரில் அலசி, பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

“அப்பம் வேண்டாம் மக்கா,” என்றாள். “மண்ணுக்குள்ள குளிரும்.”